வைட்சப்பல் பலகையும் நம்மவர் தலையாட்டலும்

லண்டன் வைட்சப்பல் ரயில் நிலையத்தில் ஆங்கிலத்தோடு வங்காளத்திலும் பெயர் எழுதியிருப்பது ரூபர்ட் லோ என்ற நாடாளுமன்ற உறுப்பினருக்குப் பொறுக்கவில்லை. 2025 பிப்ரவரியில் அந்தப் பலகையின் படத்தைப் போட்டு, இது லண்டன், நிலையத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்று எக்ஸ் தளத்தில் எழுதினார். அந்தத் தளத்தின் முதலாளி ஈலான் மஸ்க் 'ஆம்' என்று ஒற்றைச் சொல்லில் ஆசி வழங்கினார். லோ அப்போது ரிஃபார்ம் யூகே கட்சிக்காரர். நார்ஃபோக் கடற்கரையில் இருக்கும் கிரேட் யார்மத்தின் பிரதிநிதி. வைட்சப்பல் அவருடைய தொகுதி இல்லை. அந்தப் பலகைக்குப் பணம் கொடுத்ததும் அவர் ஊர்க் கவுன்சில் இல்லை. வைட்சப்பல் அடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில்.

இரண்டு செல்வந்தர்களின் எரிச்சல் என்று இதைக் கடந்து போயிருக்கலாம். ஆனால் ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் நம்மவர் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு வந்தால் 'அவர் சொன்னதில் என்ன பிழை?' என்று தலையாட்ட ஆள் இருக்கிறது. வந்த நாட்டின் மொழியைப் படிக்க வேண்டாமா, எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கொடுத்தால் எவன் படிப்பான், அது யார் வீட்டுப் பணம் என்று வரிசையாகக் கேள்விகளும் வரும். ஆகவே இந்த எதிர்வினை லோவுக்கு மட்டுமானதில்லை. அவருக்குப் பின்னால் நின்று தலையாட்டும் தமிழருக்கும் சேர்த்துத்தான்.

முதலில் பலகையைப் பார்ப்போம். எலிசபெத் லைன் வருவதற்காக வைட்சப்பல் நிலையம் புதுப்பிக்கப்பட்டபோது, 2022 மார்ச்சில், அந்த வங்காளப் பலகை வைக்கப்பட்டது. அதற்காக ஆங்கிலப் பலகை எதுவும் கழற்றப்படவில்லை. ஆங்கிலம் தெரிந்த ஒரு பயணியும் அதனால் வழி தவறவில்லை. இன்னும் சொன்னால், வங்காள எழுத்தில் அங்கே இருப்பதும் அதே ஆங்கிலப் பெயர்தான். யாரும் ஊருக்குப் புதுப்பெயர் சூட்டவில்லை. ஆங்கிலத்திலிருந்து ஒன்றும் பறிக்கப்படாத ஓரிடத்தில் ஆங்கிலத்தைக் காப்பாற்ற ஒருவர் வாளோடு வந்திருக்கிறார் என்றால், அவர் காக்க வந்தது வேறு எதையோ.

எதை என்று அறிய அந்தத் தெருவின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டவர் ஹாம்லெட்ஸில் 34.6 சதவீதம் பேர் வங்கதேச வம்சாவளியினர். 1978 மே 4 அன்று மாலை, வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆல்தப் அலி என்ற இளம் தையல் தொழிலாளி வைட்சப்பலில் இனவெறிக்குப் பலியானார். கொலை நடந்த இடத்தை ஒட்டிய பூங்கா இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்காள மொழிக்காகச் சுடப்பட்டவர்களின் நினைவாக, 1999 முதல் அந்தப் பூங்காவில் ஒரு ஷஹீத் மினார் நிற்கிறது. அந்த நாளைத்தான் உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ அதே ஆண்டில் அறிவித்தது. உருது மட்டும் என்ற பாகிஸ்தான் அரசின் கொள்கைக்கு உயிரைக் கொடுத்துப் பதில் சொன்ன மக்களின் வாரிசுகள் வாழும் தெரு அது. 'மட்டும்' என்று அங்கே போய்ச் சொல்ல, ஒன்று வரலாறு தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இனி வாதத்துக்கு வருவோம். வேற்றுமொழிப் பலகை ஒற்றுமையைக் கெடுக்கும், மக்கள் தனித்தனித் தீவுகளாகிவிடுவார்கள் என்பது முதல் வாதம். இதைச் சோதித்துப் பார்க்க வைட்சப்பலைவிடப் பொருத்தமான ஆய்வுக்கூடம் உலகிலேயே இல்லை. அருகில் பிரிக் லேனில் ஒரு கட்டடம் இருக்கிறது. பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ஹியூகனாட் என்ற புராட்டஸ்டன்ட் மக்கள் 1743இல் அதைப் பிரெஞ்சு மொழி வழிபாட்டுக்காகக் கட்டினார்கள். பிறகு மெத்தடிஸ்ட் தேவாலயமாயிற்று. 1898 முதல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் வழிபாட்டிடம். 1976 முதல் பள்ளிவாசல். பிரெஞ்சு பேசிய அந்த ஹியூகனாட் நெசவாளர்களின் வழித்தோன்றல்கள் இன்று எங்கே? ஆங்கிலேயரோடு ஆங்கிலேயராகக் கரைந்துவிட்டார்கள். நூறாண்டுக்கு முன் வைட்சப்பல் முழுக்க அந்த யூதர்களின் யிடிஷ் மொழிப் பலகைகள், யிடிஷ் நாளிதழ்கள், யிடிஷ் நாடக அரங்குகள். லோவின் தர்க்கப்படி அங்கே இந்நேரம் ஒரு யிடிஷ் குடியரசு எழுந்திருக்க வேண்டும்.

நடந்தது என்ன? வைட்சப்பல் பொது நூலகம் யூதக் குடியேறிகளுக்காக யிடிஷ், ஹீப்ரு நூல்களை வாங்கி அடுக்கியது. அந்த நூலகத்தில் வளர்ந்த ஏழைப் பையன்களில் ஒருவர் ஐசக் ரோசன்பர்க். வீட்டில் யிடிஷ், எழுதியது ஆங்கிலம். 1918 ஏப்ரலில் பிரான்ஸின் போர்க்களத்தில் பிரிட்டிஷ் ராணுவச் சிப்பாயாக இறந்தார். முதலாம் உலகப் போரைப் பற்றிய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு எதையும் இன்று அவர் பெயர் இல்லாமல் தயாரிக்க முடியாது. தாய்மொழி நூலைக் கையில் கொடுத்த நூலகம்தான் ஆங்கிலக் கவிஞனையும் தந்தது. அவருடைய பெற்றோரைப் போன்றவர்கள் நாட்டுக்குள் வராமல் தடுக்க 1905இல் அந்நியர் சட்டம் கொண்டுவந்த அரசியல்வாதிகளின் பேச்சையும் லோவின் வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நூற்றிருபது ஆண்டு இடைவெளி தெரியாது.

இரண்டாவது வாதம், மொழிபெயர்த்துக் கொடுப்பதால்தான் குடியேறியவர்கள் ஆங்கிலம் படிப்பதில்லை என்பது. இதை அரசுக் கொள்கையாகவே ஆக்கியவர் எரிக் பிக்கிள்ஸ். உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தபோது, 2013 மார்ச்சில், அந்நிய மொழிகளில் ஆவணங்களை மொழிபெயர்ப்பதைக் கவுன்சில்கள் நிறுத்த வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தார். படிப்பதில்லை என்கிறார்களே, கணக்கு என்ன சொல்கிறது? 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆங்கிலத்தை, வேல்ஸில் என்றால் ஆங்கிலத்தையோ வெல்ஷையோ, முதன்மை மொழியாகச் சொன்னவர்கள் 91.1 சதவீதம். வேறு மொழியை முதன்மையாகச் சொல்லி, ஆங்கிலமும் நன்றாகப் பேசுவோம் என்றவர்கள் 7.1 சதவீதம். நன்றாகப் பேச வராது என்றவர்கள் 1.5 சதவீதம். அறவே தெரியாது என்றவர்கள் 0.3 சதவீதம், ஏறக்குறைய 1,61,000 பேர். இந்த 0.3 சதவீதத்தில் ஈஸ்ட்ஹாமில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எழுபது வயது அப்பாச்சியும் அடக்கம், அப்போதுதான் ஹீத்ரோவில் இறங்கியிருந்த அகதியும் அடக்கம். ஒரு சாம்ராஜ்யத்தின் மொழி இவர்களால் ஆபத்துக்கு உள்ளாகிவிட்டது என்று நம்பச் சொல்கிறார்கள்.

சரி, அந்த அப்பாச்சியும் ஆங்கிலம் கற்கட்டும். கற்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆங்கிலம் தெரியாமல் இந்த நாட்டில் வாழ்வது பாதி வாழ்க்கைதான். எங்கே கற்பது? பிறமொழியாளருக்கான ஆங்கில வகுப்புகளை, இசோல் என்று இங்கே எல்லோரும் அழைக்கும் வகுப்புகளை, நடத்த இங்கிலாந்தில் அரசு ஒதுக்கிய பணம் 2010க்குப் பிந்தைய ஆறேழு ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. அதே ஆட்சிதான் மொழிபெயர்ப்பை நிறுத்து என்றது. அதே ஆட்சியின் பிரதமர் டேவிட் கேமரன்தான் 2016இல் முஸ்லிம் பெண்களுக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று கவலைப்பட்டு, வெட்டியதில் ஒரு சிறு துண்டைத் திருப்பிக் கொடுத்துப் புதுத்திட்டம் என்று பெயரும் வைத்தார். ஏணியை எடுத்து ஒளித்துவிட்டு, மாடிக்கு ஏற மனமில்லாதவன் என்று கீழே நிற்பவனைத் திட்டுகிற வேலை இது. 2025 மே மாதம் தொழிற்கட்சி அரசு வெளியிட்ட குடியேற்ற வெள்ளை அறிக்கை, பணி விசாவுக்கும் நிரந்தர வதிவிடத்துக்கும் கேட்கும் ஆங்கிலத் தரத்தை பி2 நிலைக்கு உயர்த்தச் சொன்னது. தேர்வு கடினமாகிறது. வகுப்பறை எங்கே என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது வாதம் பணம். வரிப்பணத்தில் மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளமா என்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருப்பது யாருக்காக என்று ஒரு நொடி யோசித்தால் இந்தக் கேள்வி எழாது. மருத்துவமனையில் அவர் இருப்பது நோயாளிக்காக மட்டுமா? வயிற்றுவலி என்று சொல்வதை நெஞ்சுவலி என்று புரிந்துகொண்டு தவறான மருந்து எழுதிவிடக் கூடாதே என்ற மருத்துவருக்காகவும்தான். நோயாளியின் பிள்ளைகளையோ உறவினரையோ மொழிபெயர்ப்பாளராக நம்ப வேண்டாம் என்று தேசிய சுகாதார சேவையின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்கிறது. காரணம் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் கர்ப்பப்பைச் சிக்கலைப் பன்னிரண்டு வயது மகன் எப்படி டாக்டரிடம் சொல்வான்? தனக்குப் புற்றுநோய் என்ற செய்தியைத் தாத்தா பேத்தியின் வாயாலா கேட்க வேண்டும்? கொரோனா வந்த 2020இல், நோய்த்தடுப்பு அறிவுரைகளைச் சுமார் 60 மொழிகளில் பெயர்த்துப் பரப்பும் வேலையை டாக்டர்ஸ் ஆஃப் த வேர்ல்ட் என்ற தொண்டு நிறுவனம் கையில் எடுக்க வேண்டியிருந்தது. கையைக் கழுவு, வீட்டில் இரு என்று சொல்ல ஆங்கிலமே போதும் என்று வைரஸிடம் யாரும் வாதாடவில்லை.

நீதிமன்றத்தில் பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் என்ன ஆனது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2012 ஜனவரி முதல் இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களுக்கு மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் வேலை ஒரே தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தமாகக் கொடுக்கப்பட்டது. கூலி குறைந்தது. அனுபவசாலிகள் வர மறுத்தார்கள். ஆள் வராமலும், வந்தவருக்கு மொழி சரியாக வராமலும் விசாரணைகள் ஒத்திவைக்கப்பட்டன. மறுபடி நீதிபதி, மறுபடி வழக்கறிஞர், மறுபடி சிறைவண்டி. காமன்ஸ் சபையின் நீதித்துறைக் குழு 2013இல் இந்தக் குளறுபடியைக் கடுமையாகக் கண்டித்தது. மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்காமல் பிடித்த பணம் வேறு வழியில் வெளியேறியது.

நீதிமன்ற மொழி பற்றி ஆங்கிலேயருக்கு நாம் பாடம் எடுக்கவே தேவையில்லை. அவர்கள் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1362இல் மூன்றாம் எட்வர்டு காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, வழக்குகள் இனி ஆங்கிலத்தில் வாதிடப்படட்டும் என்றது. ஏன்? நீதிமன்றத்தில் பேசப்பட்ட பிரெஞ்சு மக்களுக்குப் புரியவில்லை. தமக்கு எதிராக என்ன சொல்லப்படுகிறது என்று தெரியாமலே அவர்கள் தண்டனை பெற்றார்கள். அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது என்பது வேறு வேடிக்கை. நீதிமன்ற ஏடுகளிலிருந்து லத்தீனை முழுமையாக வெளியேற்ற 1730களாயின. ஆளும் மொழி தெரியாத குடியானவனுக்கும் நீதி புரிய வேண்டும் என்ற நியாயத்தின் மேல் ஏறித்தான் ஆங்கிலம் தன் சொந்த நாட்டின் நீதிமன்றத்துக்குள்ளேயே நுழைந்தது. அதே நியாயத்தை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவர் கேட்டால் அது சலுகை ஆகிவிடுகிறது.

ஆங்கிலம் மட்டும் என்பவர்களுடைய கோபம் மொழியின் மேல்தானா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. மேரிலிபோன் நிலையத்தில் சில்டர்ன் ரயில் ஏறி ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் பிஸ்டர் வில்லேஜ் நிலையத்தில் இறங்குங்கள். விலையுயர்ந்த கைப்பைகளும் கடிகாரங்களும் விற்கும் கடைத்தொகுதியின் வாசல் அது. 2015இல் திறந்த அந்த நிலையத்தில் சீனத்திலும் அரபியிலும் அறிவிப்பும் பலகையும் வைத்தார்கள். ஆங்கிலம் மட்டும் என்ற படை அங்கே முற்றுகையிட்டதாக நான் கேள்விப்படவில்லை. பணப்பையோடு வந்து மாலையில் திரும்பிப் போகிறவரின் மொழி வரவேற்பு; தையல் இயந்திரத்தோடு ஐம்பது ஆண்டு இருந்து வரி கட்டியவரின் மொழி ஆக்கிரமிப்பு. வேல்ஸ் முழுக்க இருமொழிப் பலகைகள் நிற்கின்றன; கார்டிஃப் பிரிட்டனை விட்டு ஓடிவிடவில்லை. நியூகாசில் அருகே வால்ஸெண்ட் மெட்ரோ நிலையத்தில் லத்தீன் பலகை இருக்கிறது. அதைப் படிக்க ஒரு ரோமானியனும் உயிரோடு இல்லை. செத்த மொழிக்குப் பலகை உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் மொழிக்கு இல்லை.

ஆசி வழங்கிய மஸ்க்குக்கு இது இன்னும் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அவர் 1971இல் பிறந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா. அவருக்கு ஐந்து வயது நிறையும் முன், அங்கிருந்து சற்றுத் தொலைவில் சொவேட்டோவில், ஆப்பிரிகான்ஸ் மொழியிலும் பாடம் படித்தே ஆக வேண்டும் என்ற ஆணையை எதிர்த்துக் கறுப்பின மாணவர்கள் 1976 ஜூன் 16 அன்று தெருவில் இறங்கினார்கள். பிள்ளைகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த நாடு இன்று சைகை மொழி உட்பட 12 ஆட்சி மொழிகளோடு இருக்கிறது.

இனி நம்மவர். 2011இல் நியூஹாம் கவுன்சில் தன் நூலகங்களிலிருந்து வேற்றுமொழிச் செய்தித்தாள்களை அகற்றியது. நியூஹாம் என்றால் ஈஸ்ட்ஹாம். லண்டன் தமிழர் அரிசியும் மீனும் வாங்கும் ஹை ஸ்ட்ரீட் நார்த். அகற்றியது வலதுசாரிக் கட்சி இல்லை, தொழிற்கட்சி மேயர் ராபின் வேல்ஸின் நிர்வாகம். ஆங்கிலத்தை ஊக்குவிக்கிறோம் என்றார்கள். நூலகத்துக்கு வந்து செய்தித்தாள் விரித்த முதியவர், அது இல்லையென்றதும் கார்டியனைப் பிரித்திருப்பார் என்று எண்ணினார்களோ என்னவோ. வைட்சப்பல் நூலகம் நூறாண்டுக்கு முன் அறிந்திருந்ததை நியூஹாம் நூலகம் அறியவில்லை.

தலையாட்டும் தமிழரிடம் ஒரு கேள்வி: உங்களையோ உங்கள் பெற்றோரையோ இந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது எது? இங்கே வாழும் தமிழரில் பெரும்பாலோர் இலங்கையர். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரியணையில் ஏற்றியது. அதை ஆதரித்தவர்கள் இனவெறி என்றா பெயர் வைத்தார்கள்? நாட்டின் ஒற்றுமை என்றார்கள், பெரும்பான்மையின் நியாயம் என்றார்கள், படித்துக்கொண்டால் போயிற்று என்றார்கள். படிக்காத தமிழ் அரசு ஊழியரின் சம்பள உயர்வும் வேலையும் போயின. ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்ற பொருளில் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார், கேட்பாரில்லை. 1958இல் சண்டை எதில் பற்றிக்கொண்டது? வாகன எண்பலகையில் இருந்த ஒற்றைச் சிங்கள எழுத்தில். வடக்கில் அதை அழித்துத் தமிழில் எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். அடுத்த மாதங்களில் பலகையிலிருந்து ஆள்களுக்கு வந்தார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுத 1987 வரை ஆயிற்று. அதற்குள் தமிழர் மீதான கறுப்பு ஜூலை வன்முறை கடந்து, பாதி ஊர் விமானம் ஏறியிருந்தது. அந்த விமானத்தில் வந்தவர் லோவுக்குத் தலையாட்டுவது எனக்கு விளங்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் வேறொரு கேள்வியோடு நிற்பார்கள். அதுதான் இருப்பதில் கனமான கேள்வி. நாமே 1950களில் ரயில் நிலையங்களில் இந்தி எழுத்தின் மேல் தார் பூசியவர்கள்தானே, கல்லக்குடியில் தண்டவாளத்தில் படுத்தவர்கள்தானே, நம் ஊரில் இந்தி கூடாதென்றால் லோவின் ஊரில் வங்காளம் கூடாது என்பதும் நியாயம்தானே? இல்லை. 1953இல் போராட்டம் நடந்த கல்லக்குடியில், ஊரின் பெயரையே நிலையப் பலகையிலிருந்து அகற்றி, ஒரு வடநாட்டு முதலாளியின் பெயரால் டால்மியாபுரம் என்று வைத்திருந்தார்கள். இந்தி எழுத்தை வைத்தது அங்கே வாழ்ந்து கேட்ட மக்களில்லை. டெல்லி ஆட்சி தன் மொழியை மேலிருந்து இறக்கியது. வைட்சப்பலில் பெயர் போகவில்லை, ஆங்கிலம் போகவில்லை, டாக்கா அரசு எதையும் திணிக்கவில்லை. அங்கே குடியிருப்பவர்கள் தாங்கள் வாக்களித்த கவுன்சில் வழியாகக் கேட்டு வாங்கினார்கள். அதிகாரம் எந்தப் பக்கம் நின்று பலகை எழுதுகிறது என்பதுதான் அளவுகோல். கல்லக்குடியில் போராடியவரின் இடத்தில் லோவை வைப்பது தலைகீழ் வாசிப்பு; சிறுபான்மையின் பலகையை அழிக்கச் சொல்லும் அவருக்கு 1958இன் தென்னிலங்கையில்தான் இடம்.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். திருப்பூரில் பனியன் தைக்கும், சென்னையில் மெட்ரோ பாலம் கட்டும் பிஹார், ஒடிசாத் தொழிலாளிக்கு அரசு மருத்துவமனையில் அவர் மொழியில் ஒரு பலகையும் உதவியாளரும் இருந்தால் தமிழுக்கு ஒரு குறையும் வராது. லண்டனில் உரிமை கேட்டுவிட்டு ஊருக்குப் போனதும் 'தமிழ் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை' என்று கேட்பவர் லோவின் கட்சியில் உறுப்பினர் அட்டை வாங்காத குறைதான்.

ஆங்கிலத்தின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள் செய்ய எவ்வளவோ இருக்கிறது. ஒவ்வொரு பரோவிலும் மாலை நேர இசோல் வகுப்பும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும், இரவு வேலை முடிந்து வருபவருக்கு வாரக்கடைசி வகுப்பும் கேளுங்கள். கேட்டால் நானும் உங்களோடு கையெழுத்துப் போடுகிறேன். பொங்கலுக்குப் பிரதமர் வாழ்த்துச் சொல்வதும், கவுன்சில் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் தமிழில் துண்டறிக்கை அச்சடித்து 'வணக்கம்' சொல்லிக் கதவைத் தட்டுவதும் இந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. அடுத்த முறை தட்டும்போது அவர்களை வாசலில் நிறுத்திக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வாக்கு வாங்கத் தமிழ் வேண்டும், வாக்களித்த கிழவி தன் மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்ள மட்டும் தமிழ் வேண்டாமா? இதற்கு நேரான பதில் சொல்ல முடியாதவருக்கு எந்த மொழியிலும் வாக்குக் கேட்கும் தகுதி இல்லை.